நடுச்சுவரின் உச்சிக்கல்

ஹெக்லிங் ஊர்க் கோயிலில் மூன்று மழைக்காலமாக ஒழுகியது. வேறு எந்த இடத்தில் ஒழுகியிருந்தாலும் ஒரே நாள் வேலையில் சரியாகியிருக்கும். ஆனால் அது ஒழுகியது வளைவின் உச்சியில்.

பீடம் இருக்கிற பீடக்கட்டைப் பழுதுபார்ப்பது பங்குச்சாமியாரின் பொறுப்பு. சனங்கள் நிற்கிற சனக்கட்டு ஊராரின் பொறுப்பு. எல்லாக் கோயில்களிலும் அப்படித்தான். அதனால் பீடக்கட்டின் மேல் முந்தைய சாமியார் பெருமையாக ஈயத் தகடு போர்த்தியிருந்தார். சனக்கட்டின் மேல் ஊரார் சிக்கனமாக ஏரி நாணல் வேய்ந்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புமாக ஒரு சுவர், அந்தச் சுவரைக் குடைந்து ஒரு பெரிய வளைவு. அந்த வளைவு யாருடையது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் துளி பீடக்கட்டுக்குள் விழும். கிழக்கிலிருந்து கொண்டல் அடித்தால் சனக்கட்டுக்குள் விழும். பூசைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று விரலை எச்சில் படுத்தித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மேல்காற்றாக இருந்தால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். துளிக்கு அடியில் ஒரு மரவாளி இருந்தது. அதை ஊரார் காலால் அந்தப் பக்கம் தள்ளுவார்கள். சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டே இந்தப் பக்கம் தள்ளுவார்.

தேவதூதர் மிக்கேல் சம்மனசின் திருநாள் பூசை முடிந்ததும், புதிய கோயில் காரியக்காரரைத் தேர்ந்தெடுக்க ஊர் கூடியது. போன வருடக் காரியக்காரர் தனக்கு முழங்கால் வலி என்றார். அதற்கு முந்தைய வருடத்துக்காரர், அந்த வலி முதலில் தனக்குத்தான் வந்தது என்றார். மற்றவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம அவிஸ் இருக்கே," என்றார் ஊர்மணியம் டர்ஸ்டன்.

அவிஸ் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். பீர் காய்ச்சி விற்கிறவள், விதவை. கையில் இன்னும் மாவூறல் வாசம் போகவில்லை.

"நானா? நான் பொம்பளைங்க."

"அதனால என்ன? ஆத்துக்கு அந்தாண்ட ஊர்ல ஒரு பொம்பள மூணு வருசமா பாக்குது."

"எனக்கு எழுத்து தெரியாது."

"எழுதுற வேலை இல்லம்மா இது. சாமியோட மல்லுக்கு நிக்கிற வேலை. நீ பன்னெண்டு குடிகாரனை ஒத்த வார்த்தையில வெளிய அனுப்புறவ. ஒரு சாமியார் என்ன பெரிசு?"

எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அந்த ஊர் எந்த விஷயத்திலும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை அவிஸ் பார்த்ததில்லை.

பீடக்கட்டிலிருந்து ஜெர்வாஸ் சாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். உருண்டையான மனிதர், கொஞ்சம் சட்டம் படித்தவர். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஊரை ஆட்டிவைப்பவர்.

"சட்டப்படி," என்றார் அவர், "நடுச்சுவர் தாங்குறது சனக்கட்டுக் கூரையை. அதனால அது ஊரோடது. இன்னும் ஒரு மாசத்துல, சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளுக்குள்ள ஒழுகல் நிக்கலன்னா நான் பிஷப்பு மேற்றிராணியார் கோர்ட்டுக்குப் போவேன். புதுக் காரியக்காரி பேரை எப்படி எழுதணும்னு சொல்லிருங்க."

அப்படித்தான் அவிஸ் அந்தத் துளிக்குச் சொந்தக்காரி ஆனாள்.

முதல் வேலையாக அவள் கூரை வேய்கிற ஹேமோவையும் ஈயக்காரன் பெர்ட்டினையும் ஒரே நாளில் வரச் சொன்னாள். இதுவரை யாரும் இதைச் செய்யவில்லை. காரணம் இருந்தது. பெர்ட்டின் கட்டியிருந்தது ஹேமோவின் தங்கையை. கல்யாணத்தன்று பெர்ட்டினின் நாய் ஹேமோ கொண்டுவந்த வாத்தைத் தின்றுவிட்டது. ஏழு வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஹேமோ சனக்கட்டுப் பக்கம் ஏணி வைத்து ஏறினான். பெர்ட்டின் பீடக்கட்டுப் பக்கம் ஏறினான். உச்சியில் சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு தலைகள் தெரிந்தன. நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. கீழே அவிஸ் கழுத்தை வளைத்து நின்றாள்.

"அக்கா," என்று ஹேமோ கத்தினான். "நாணல் நல்லா இருக்கு. அந்த ஈயக்காரன்கிட்ட சொல்லுங்க, தகடு வெயில்ல நீண்டு மழையில சுருங்கி மடிப்பு விட்டுப்போச்சுன்னு."

"பெர்ட்டின், அவன் சொல்றது கேட்டுச்சா?"

"யாரோ பேசுன மாதிரி இருந்துச்சு. காத்துன்னு நெனச்சேன்," என்றான் பெர்ட்டின். "தகடு என் பொண்டாட்டி நாக்கை விடக் கெட்டியா இருக்கு. அந்த நாக்கு அவங்க குடும்பத்துச் சொத்து. அவர்கிட்ட சொல்லுங்க, நாணல்ல எலி குடித்தனம் நடத்துதுன்னு."

"எலி இருந்தா தண்ணி வருமா? எலி என்ன குடத்துலயா கொண்டாருது?" என்றான் ஹேமோ.

"நான் அவர்கிட்ட பேசலக்கா, பொதுவா சொன்னேன்," என்றான் பெர்ட்டின்.

"யப்பா, ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் அவிஸ். "நாணலும் நல்லா இருக்கு, தகடும் நல்லா இருக்குன்னா தண்ணி எங்கேருந்து வருது? நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க."

இரண்டு தலைகளும் குனிந்தன. இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்தன.

"அக்கா," என்றான் ஹேமோ. அவன் குரல் மாறியிருந்தது. "நடுவுல கல்லே இல்லக்கா."

"ஆமா," என்றான் பெர்ட்டின். ஏழு வருடத்தில் மச்சான் சொன்ன எதற்கும் அவன் ஆமாம் போட்டது அதுவே முதல் தடவை. "உச்சிக்கல் போயிருச்சு. சுவத்துக்குள்ள பாக்க முடியுது. வெளிய ரெண்டு பக்கமும்தான் நல்ல கட்டு. உள்ள பூரா உடைகல்லும் காரையும். மழை நேரா அதுக்குள்ள இறங்கி வளைவுல வந்து சொட்டுது."

"உச்சிக்கல்லுன்னா எப்படி இருக்கும்?"

"குதிரை மேல சேணம் போட்ட மாதிரிக்கா," என்றான் ஹேமோ. "சுவரோட ரெண்டு சரிவுலயும் கால் போட்டு உக்காந்திருக்கும். மேல சிலுவை நட ஒரு சதுரக் குழி. அடியில கவட்டை மாதிரி வெட்டியிருக்கும். கவுத்துப் போட்டா ஒரு பீப்பாய் அசையாம உக்காரும்."

அவன் உதாரணத்துக்குத்தான் பீப்பாய் என்றான். அவிஸ் அதற்கு மேல் எதையும் கேட்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டுக்குப் போனதும் காய்ச்சுக் கொட்டகையின் கதவைச் சாத்தினாள். பெரிய பீப்பாய் அதன் கல் தொட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் ரேஃப் வண்டி ஓட்டியவன். சாவதற்கு முந்தைய வருடம், பெருங்காற்று அடித்து ஊரில் பாதி மரம் விழுந்த வாரத்தில், அந்தக் கல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். "உனக்குன்னே செதுக்கச் சொன்னேன்டி. மடத்துக் கொத்தனார் கைவேலை," என்றான். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவன் கொடுத்த ஒரே பரிசு அது. அவள் அதைப் பற்றி ஆற்றங்கரையில் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறாள்.

தரையில் படுத்து, கரண்டியால் கல்லுக்கு அடியில் மண்ணைத் தோண்டிக் கையை விட்டாள். விரலுக்கு ஒரு சதுரக் குழி தட்டுப்பட்டது. குழிக்குள் ஒடிந்த சிலுவையின் அடித்தண்டு இருந்தது.

"திருட்டுப்பயலே," என்றாள் அவிஸ், மெதுவாக. ரேஃப் கல்லறையில் இருந்ததால் பதில் வரவில்லை. உயிரோடு இருந்தாலும் இந்த மாதிரி நேரத்தில் அவன் பதில் சொல்கிறவன் அல்ல.

அன்று முழுக்க யோசித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் கோர்ட்டுக்குப் போகும், காரியக்காரி என்று அவள்தான் போய் நிற்க வேண்டும். சத்தமில்லாமல் கல்லைக் கொண்டுபோய் வைக்கலாம் என்றால் அதைத் தூக்க நான்கு ஆண்கள் வேண்டும். அந்த ஊரில் நான்கு ஆண்களும் ஒரு ரகசியமும் ஒரே வண்டியில் போனதில்லை. சாமியாரிடம் சொன்னால் அவர் அந்த நிமிடமே, திருடியது ஊர்க்காரன், ஆகவே சட்டப்படி ஊர்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்பார்.

சாமியாரிடம் சொல்லவும் வேண்டும், அவர் வாயைத் திறக்கவும் கூடாது. அதற்கு உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவிஸ் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

ஜெர்வாஸ் சாமியார் வளைவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சனக்கட்டின் கடைசியில் ஐந்து பெண்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். கண்ணை மூடி, காதைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே மழை, மேல்காற்று. அவிஸ் வாளிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். சாமியாரின் தோளில் ஒரு துளி விழுந்தது.

"சொல்லு," என்றார் அவர், அரைக்கண்ணோடு.

"சாமி, இங்க சொல்றது வெளிய போகாதுல்ல?"

"முப்பது வருசமா வர்ற, இப்ப என்ன கேள்வி? சொன்னா என் குருப்பட்டமே போயிரும். சொல்லு."

"நடுச்சுவத்து உச்சிக்கல் என் வீட்ல இருக்கு சாமி. என் புருசன் எடுத்தது. எனக்கு நேத்துதான் தெரியும்."

சாமியாரின் இரண்டு கண்ணும் திறந்தன. முகம் விளக்கு ஏற்றினாற்போல் ஆனது. "அப்ப திருடுனது ஊர்க்காரன்! அப்ப சட்டப்படி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. விளக்கு மெல்ல அணைந்தது.

"நீ இதை வெளிய வந்து சொல்லியிருக்கலாமே," என்றார், கெஞ்சுகிற மாதிரி.

"பாவத்தை இங்கதானே சாமி சொல்லணும்?"

அவர் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. துடைத்துக்கொண்டு யோசித்தார். சட்டம் படித்தவர் அல்லவா, வழி கண்டுபிடித்துவிட்டார்.

"சரி. உன் பாவத்துக்கு அபராதம் இதுதான். ஞாயித்துக்கிழமை ஊர் முன்னால, உன் வாயாலயே எல்லாத்தையும் சொல்லு."

அவிஸுக்குப் புரிந்துவிட்டது. அவள் வெளியே சொல்லிவிட்டால், அவர் அதை வெளியே கேட்டவர் ஆகிவிடுவார். பிறகு கோர்ட்டுக்குப் போகலாம்.

"சொல்றேன் சாமி. இன்னொரு பாவமும் இருக்கு. பொறாமை."

"யார் மேல?"

"உங்க பன்னிங்க மேல சாமி. கல்லுல செஞ்ச தொட்டி, எட்டுப் பட்டை, கால்மாட்டுல நாலு சிங்கம். அதுல கஞ்சி குடிக்குதுங்க. எங்க அம்மா சொல்லும், அவங்க காலத்துல ஊர்ப் பிள்ளைங்களுக்கு எல்லாம் ஞானஸ்நானம் குடுத்த தொட்டி அதுதான்னு. நான்கூட அதுல முங்கினவதானாம். அப்பிடிப் பாத்தா உங்க பன்னிங்க எல்லாம் ஞானஸ்நானம் வாங்குன கிறிஸ்தவங்க. அதையும் ஞாயித்துக்கிழமை சேத்து சொல்லிரட்டுமா?"

கடைசியில் நின்ற பெண்கள் ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். சாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"அது எனக்கு முன்னாடி இருந்தவர் வச்சது."

"கல்லும் எனக்கு முன்னாடி இருந்தவர் வச்சதுதான் சாமி."

மழை கூரையில் பேசிக்கொண்டிருந்தது. ஜெர்வாஸ் சாமியார் நெடுநேரம் வளைவின் உச்சியையே பார்த்தார்.

"பத்துத் தடவை பரலோக மந்திரம் ஜெபிச்சா போதும், அதான் அபராதம்," என்றார் கடைசியில். "தகட்டு வேலை என்னுது. நாணல் வேலை உங்களுது. கல்லு ஆண்டவரோடது. எழுந்திரு, அடுத்த ஆள் வரட்டும்."

அவள் விரும்பியது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊரார் முன் நின்று, "உச்சிக்கல் கெடைச்சிருச்சு" என்று தொடங்கியபோது டர்ஸ்டன் "எங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த 'எங்க'வுக்கு அவளிடம் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. வாய்க்கு வரவில்லை.

"என் வீட்டுல. பீப்பாய்க்கு அடியில. ரேஃப் எடுத்துட்டு வந்தது. தூக்க நாலு பேரு வேணும்."

ஊர் தன்னைக் கிழித்துத் தோரணம் கட்டும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், எல்லாரும் மறுபடியும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டவே பிறந்தவள் என்று பெயரெடுத்த மாவு அரைக்கிறவர் மனைவி ஜோயெட் கூட, பக்கத்தில் இருந்த தூணைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவிஸ் கோயில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஜோயெட் வந்தாள். முந்தானையில் கனமாக எதையோ சுமந்திருந்தாள். இறக்கி வைத்தது ஒரு பூதத் தலை: வாயைப் பிளந்து, நாக்கை நீட்டி, கூரைத் தண்ணீரைத் துப்புவதற்காகச் செய்தது.

"உழும்போது கெடைச்சுது," என்றாள்.

"உங்களுக்குத்தான் நெலமே இல்லையே."

"அடுத்தவங்க உழுறதை வேடிக்கை பாக்கும்போது கெடைச்சுது." சொல்லிவிட்டு விறுவிறு என்று போய்விட்டாள். அந்தப் பூதம் ஆலை வாசற்கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

முப்பது வருடத்துக்கு முன் மணிக்கூண்டு இடிந்து விழுந்து, கொஞ்சம் தாழ்வாகத் திரும்பக் கட்டினார்கள். ஏன் தாழ்வாகிவிட்டது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது விடை ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. டர்ஸ்டன் பேத்தியின் தொட்டிலைத் தூக்கி வந்தார். அதில் போர்வைக்குள் ஒரு சம்மனசின் தலை இருந்தது. பாலாடைக்கட்டி அழுத்துவதற்கு வைத்திருந்ததில் மூக்கு சப்பிப்போய், முகமெல்லாம் புளித்த வாசம். ஹேமோ கோழிக்கூட்டைப் பிரித்து, ஜன்னலின் பூவேலைக் கல் ஆறு துண்டு கொண்டுவந்தான். பெர்ட்டின் ஒரு கல்லறை மூடி கொண்டுவந்தான். அதன் மேல் ஒரு பிரபு இடுப்புக்குக் கீழே மட்டும் படுத்திருந்தார்.

"மேல்பாதி எங்கடா?"

"எனக்கு அவரை இடுப்புக்குக் கீழதான் பழக்கம்க்கா. ஈயம் தட்ட வச்சிருந்தேன். நல்ல மனுசன், ஒரு நாளும் ஆடுனதில்ல."

புதன்கிழமைக்குள் கோயிலுக்குச் சொந்தமே இல்லாத கற்களும் வரத் தொடங்கின. மனச்சாட்சி ஒருமுறை திறந்துகொண்டால் எங்கே நிறுத்துவது என்று சனங்களுக்குத் தெரியவில்லை. உடைந்த திரிகை ஒன்று வந்தது. நடுவில் நீளமாகப் பிளவு வெட்டிய ஒரு பெரிய கல் வந்தது.

"இது கோட்டைச் சுவத்துக் கல்லுடா. வில்லாளி உள்ள நின்னு அம்பு விடுற சந்து. கோயில்ல எதுக்கு இது?" என்றாள் அவிஸ்.

"பக்கத்தூர்க்காரன் பூசைக்கு வந்தா விடலாம்னுதான்," என்றான் கொண்டுவந்தவன். கோட்டைக்கு ஆறு மைல். அங்கே போய் இதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஜெர்வாஸ் சாமியாரின் முறை வந்தது. அவர் அதை ஒரு பவனியாகவே நடத்திவிட்டார். முன்னால் தானே ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்தார். பின்னால் நான்கு ஆட்கள் ஒரு பலகையில் எதையோ சுமந்து வந்தார்கள், மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. பார்ப்பதற்கு ஏதோ புனிதரின் எலும்பைக் கொண்டுவருவது போல் இருந்தது. தெருவில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். அது பன்றிகள் கஞ்சி குடிக்கிற நேரம்.

முதலில் கிழட்டுப் பெண்பன்றி வந்தது, அதன் பின்னால் ஆறு குட்டிகள். தங்கள் தொட்டி எங்கேயோ போகிறது என்று தெரிந்ததும் அவையும் பவனியில் சேர்ந்துகொண்டன. உறுமுவதும் மூக்கை உறிஞ்சுவதும் அவருடைய ஜெபத்துக்குப் பதில் சொல்வது போலவே இருந்தது. சாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே போனது. தொட்டியை முற்றத்தில் இறக்கியதும் பெண்பன்றி துணியைப் பல்லால் இழுத்துப் போட்டது. நான்கு சிங்கங்களும் ஊருக்குக் காட்சி கொடுத்தன.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற யோக்கியதை அங்கே யாருக்கும் இல்லை. ஆளுக்கொரு கல் கிடந்தது. ஆனால் ஹேமோவும் பெர்ட்டினும் தற்செயலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டார்கள். ஹேமோவின் உதடு துடித்தது.

"மச்சான்," என்றான் அவன், மூச்சுத் திணறி, "அந்தக் கடைசிக் குட்டி உன் ஜாடை மச்சான்."

பெர்ட்டின் வெடித்துச் சிரித்தான். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. டர்ஸ்டன் கல்லறை மூடிமேல் உட்கார்ந்து அழுது அழுது சிரித்தார். கடைசியில் சாமியாரின் வயிறும் குலுங்கத் தொடங்கியது. "சட்டப்படி," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பன்னிக்கு முற்றம் வரைக்கும் வர உரிமை உண்டு."

பனி விழுந்துவிட்டால் சுண்ணாம்பு இறுகாது. ஆகவே சனிக்கிழமையே வேலையை வைத்துக்கொண்டார்கள். கப்பியும் கயிறும் கட்டி உச்சிக்கல்லை மேலே இழுத்தார்கள். மைத்துனர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று வாங்கி, புதுக் காரை பூசி, சுவரின் இரண்டு சரிவிலும் கால் போட்டு உட்கார வைத்தார்கள். பெர்ட்டின் பீடக்கட்டுப் பக்கத்து இடுக்கில் தகட்டைச் செருகி அடித்தான். ஹேமோ சனக்கட்டுப் பக்கத்தில் நாணலை நெருக்கிக் களிமண் வைத்து அடைத்தான். கல் அந்தரத்தில் ஆடியபோது கீழே நின்ற அவிஸ், அதன் அடியில் பீர் ஊறிக் கருத்திருந்த கவட்டையைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. திருடித்தான் கொண்டுவந்தான், ஆனால் அவ்வளவு கனத்தைத் தனியாளாக எப்படி வண்டியில் ஏற்றினான் அந்த மனுஷன்? அவளுக்காக வேறு எதையும் அவன் அவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கியதில்லை.

சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளன்று விடியும்போதே நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஊர் முழுவதும் கோயிலுக்கு வந்து, வளைவுக்குக் கீழே நெருக்கியடித்து நின்று, மேலே பார்த்தது. முதல் வாசகம் முடிந்தது. துளி இல்லை. சுவிசேஷம் முடிந்தது. துளி இல்லை. அவிஸ் கையை நீட்டிப் பார்த்தாள், உள்ளங்கை காய்ந்திருந்தது. டர்ஸ்டன் அவள் தோளில் தட்டினார்.

பிறகு ஜெர்வாஸ் சாமியார் பிரசங்கம் சொல்லத் தொடங்கினார். மூன்று மழைக்காலமாக, வாளியில் விழுகிற சத்தத்துக்கு மேல் அவர் சொன்னது யார் காதிலும் சரியாக விழுந்ததில்லை. யாரும் கேட்பதில்லை என்று அவரும் சீக்கிரம் முடித்துவிடுவார். இன்று கோயில் அவ்வளவு நிசப்தமாக இருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவர் குரல் வளைவில் பட்டு, சுவரெல்லாம் உருண்டு, கணீர் என்று வந்தது. அவருக்கே அது பிடித்துப்போனதை அவிஸ் பார்த்தாள். பிரளயத்தில் மிதந்த நோவாவின் பெட்டகத்தை முதல் பலகையிலிருந்து கட்ட ஆரம்பித்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் மிருகங்கள் ஜோடி ஜோடியாக ஏறத் தொடங்கின. அவர் ஒன்றையும் விடுவதாக இல்லை.

ஹேமோ மெதுவாக நகர்ந்து அவிஸின் பக்கத்தில் வந்து நின்றான்.

"யக்கா," என்றான் காதோடு, "காரை இன்னும் முழுசா இறுகல. கல்லை இப்பக்கூட நகட்டி, பழையபடி ஒழுக விட்டுரலாம்."

"பேசாம நில்லுடா," என்றாள் அவிஸ். "ஒட்டகம் வரைக்கும் வந்துட்டாரு."

அவள் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே மழை கொட்டியது. உள்ளே கழுதைகள் ஏறிக்கொண்டிருந்தன.